கல்கத்தாவின் கால்வாய்களும் அவற்றின் செலவும்

ஹூக்ளி நதியின் கீழ்க்கரையில் குடியேறி வாழும் தமிழ் மக்களாகிய நமக்கு ஆனி முதல் புரட்டாசி முடிய நான்கு திங்களும் மழைத் திங்கள்களாம். இரண்டு நாழிகை நேரம் மழை விடாது பெய்யுமாயின் ராஷ்பிகாரி அவென்யூவும் பாலிகஞ்சும் குளமாகின்றன. டிராம் வண்டி நின்றுவிடுகிறது. ரிக்‌ஷாக்காரர் கேட்டதே கூலி என்றாகிறது. ஆடவர் செருப்பைக் கையில் ஏந்தி அலுவலகம் செல்கின்றனர். மறுநாள் பத்திரிகைகள் மாநகராட்சியைக் கடிந்து எழுதுகின்றன. மூன்றாம் நாள் நீர் வடிகிறது. நான்காம் நாள் நாம் அனைவரும் அதனை மறந்துவிடுகின்றோம்.

“இத்துணைப் பெரிய நகரில் வடிகால் இல்லையா?” என்று நம் அன்பர்கள் பலர் வினவுவதுண்டு. வடிகால் உண்டு. இருநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட கால்வாய்களும் உண்டு. அவற்றை வெட்டியவர் யார், அதற்குப் பொருள் தந்தவர் யார், அவை தூர்ந்து போகக் காரணம் யாது என்பன அறியத் தக்க செய்திகளாம். நாம் பொறியியல் பயின்றவரல்லர். ரயில்வே அலுவலகத்தில் இருபதாண்டுகளுக்கு மேலாக வரவு செலவுப் புத்தகங்களோடு உழல்பவர். ஆகவே செலவுக் கணக்கு என்னும் பக்கத்திலிருந்தே இவ்வரலாற்றை நோக்க முற்படுகின்றோம். 2001 முதல் இந்நகர் கொல்கத்தா என வழங்கப்படுகிறது. ஆயினும் பழைய வரலாறு கூறப் புகுந்தமையால் கல்கத்தா என்னும் பெயரையே ஈண்டு ஆளுகின்றோம்.

நிலத்தின் இயல்பு

முதற்கண் நிலத்தின் அமைப்பை அறிதல் வேண்டும். ஆறு பெருக்கெடுக்கும்போதெல்லாம் தன் கரையிலேயே வண்டலை மிகுதியாக இட்டுச் செல்லும். ஆதலின் ஹூக்ளியின் கரை மேடாகவும், அங்கிருந்து கிழக்கே செல்லச் செல்ல நிலம் தாழ்வாகவும் அமைந்துள்ளது. அத்தாழ்வின் எல்லையில் உப்பேரிகள் என்னும் சதுப்பு நிலம் பரந்து கிடந்தது. கல்கத்தாவில் பெய்யும் மழைநீர் அருகிலுள்ள கங்கையை நாடாது, அதற்கு முதுகு காட்டிக் கிழக்கு நோக்கியே ஓட விழைகிறது.

இவ்வுண்மையை ஆங்கிலேயர் நெடுங்காலம் மனத்திற் கொள்ளவில்லை. நகரின் சாக்கடைகளை ஆற்றை நோக்கித் திருப்பவே முயன்றனர். மேட்டை நோக்கி நீர் ஏறுமோ? சாக்கடைகள் தேங்கி நின்று நோய்க்கு இருப்பிடமாயின. 1803-ஆம் ஆண்டு வெல்லெஸ்லி பிரபு தாம் எழுதிய குறிப்பொன்றில் நகரின் வடிகால்கள் குறையுடையன எனச் சுட்டி, அவற்றைச் சீர்செய்யக் குழு ஒன்றை நியமித்தார். குழு கூடிற்று. ஆனால் பணம் வேண்டுமே!

மக்கள் பணமும் சுங்கப் பணமும்

இதற்கு முன்னரே இந்நகரில் மக்கள் பொருள் திரட்டி வெட்டிய அகழி ஒன்று இருந்தது. 1742-இல் மராத்தியக் குதிரைப் படையினர் வங்கத்தைச் சூறையாடினர். அச்சமுற்ற நகர மக்கள் தம் செலவிலேயே நகரைச் சுற்றி அகழி வெட்ட ஒப்பினர். ஆறு திங்களில் ஏறத்தாழ மூன்று மைல் வெட்டப்பட்டது. மராத்தியர் நகருக்கு வரவில்லை. அச்சம் நீங்கியதும் வேலையும் நின்றது. பாதியில் விடப்பட்ட மராத்தா அகழி குப்பை கொட்டும் இடமாயிற்று. 1799-இல் அதன் பெரும்பகுதியைத் தூர்த்துச் சர்க்குலர் ரோடு அமைத்தனர். அச்சம் உள்ளவரை பணம் வரும், அச்சம் தீர்ந்தால் பணமும் தீரும் என்பதற்கு இஃது இந்நகரின் முதற் சான்றாகும்.

அடுத்து வந்தவர் வில்லியம் டாலி என்னும் கம்பெனிப் படை அதிகாரி. காளிகட்டத்து அன்னையின் ஆலயத்தை ஒட்டிச் செல்லும் ஆதிகங்கை, கங்கையின் பழைய வழியாகும். அது மண்மேடிட்டுக் கிடந்தது. 1775-ஆம் ஆண்டு முதல் 1777-ஆம் ஆண்டு வரை டாலி அதனைத் தம் சொந்தப் பணத்தால் ஆழப்படுத்தி, கிழக்கே வித்யாதரி ஆற்றோடு இணைத்தார். அதற்கு ஈடாக அவ்வழிச் செல்லும் படகுகளிடம் பன்னிரண்டு ஆண்டுகள் சுங்கம் பெறும் உரிமையைக் கம்பெனி அவருக்கு வழங்கிற்று. கரையில் ஒரு சந்தையும் வைத்துக்கொண்டார். அதுவே இன்றைய டாலிகஞ்ச். கால்வாய்க்கு ‘டாலி நாலா’ என்னும் பெயர் நிலைத்தது.

இங்கு நாம் கருத வேண்டுவது ஒன்றுண்டு. டாலி மழைநீர் வடியக் கால்வாய் வெட்டவில்லை. படகு செல்லவே வெட்டினார். ஆனால் படகு செல்லும் கால்வாயில் ஆழம் இருந்தே தீர வேண்டும். ஆழம் இருக்குமாயின் மழைநீரும் தடையின்றி வடியும். சுங்கம் கொடுக்கும் படகுக்காரர் ஒவ்வொருவரும் அறியாமலே நகரின் வடிகாலுக்குப் பொருள் உதவினர். பின்னர் வெட்டப்பட்ட பேலியாகாட்டாக் கால்வாய், சர்க்குலர் கால்வாய், கேஷ்டபூர்க் கால்வாய் முதலியனவும் இம்முறையிலேயே பயன்பட்டன. கீழ்வங்கத்து நெல்லும் சணலும் மீனும் விறகும் அவ்வழியாகவே நகருக்குள் வந்தன.

குலுக்குச் சீட்டு

வெல்லெஸ்லி பிரபுவின் குழுவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? வரி விதிக்கக் கம்பெனி தயங்கிற்று. ஆகவே குலுக்குச் சீட்டு நடத்தலாயினர். 1817-இல் ‘லாட்டரிக் குழு’ என்றே ஒரு குழு அமைந்தது. சீட்டு விற்று, பரிசு கொடுத்தது போக எஞ்சிய பொருளைக் கொண்டு சாலைகள் போட்டனர், குளங்கள் தோண்டினர். ஸ்டிராண்டு ரோடு, கார்ன்வாலிஸ் தெரு, காலேஜ் தெரு ஆகியவை அப்பணத்தால் அமைந்தனவே. சூதாட்டப் பணத்தால் நகரைத் திருத்துவது தகாது என்று இங்கிலாந்தில் எதிர்ப்பு எழுந்தமையால் 1836-இல் இம்முறை கைவிடப்பட்டது.

சீட்டுப் பணம் கண்ணுக்குத் தெரியும் சாலைக்குச் சென்றது. கண்ணுக்குத் தெரியாத நிலத்தடி வடிகால் மேலும் இருபதாண்டு காத்திருந்தது.

வரியும் கடனும்

1855-இல் நகராட்சிப் பொறியாளர் வில்லியம் கிளார்க் என்பார் நிலத்தின் இயல்பறிந்து திட்டம் வகுத்தார். கழிவுநீரையும் மழைநீரையும் ஒருங்கே தாங்கும் பெருங் குழாய்களைத் தெருக்களின் கீழே செங்கல்லால் கட்டி, அனைத்தையும் கிழக்கு நோக்கிச் சாய்த்தார். அந்நீர் பாமர்ஸ் பிரிட்ஜ் என்னுமிடத்தில் எந்திரத்தால் மேலேற்றப்பட்டு, உப்பேரிகளைக் கடந்து வித்யாதரியில் விடப்பட்டது. 1859-இல் தொடங்கிய வேலை 1875-இல் நிறைவுற்றது. 1863-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நகராட்சி வீட்டு வரி விதிக்கவும் கடன் வாங்கவும் அதிகாரம் பெற்றிருந்தமையாலேயே இப்பெருஞ்செயல் கைகூடிற்று. 

கிளார்க்கின் குழாய்கள் மணிக்குக் கால் அங்குல மழையைத் தாங்கும் அளவில் அமைந்தவை. அஃதாவது ஏறத்தாழ 6 மில்லிமீட்டர். அக்காலத்தில் தோட்டங்களும் குளங்களும் மிகுதியாக இருந்தமையால் எஞ்சிய நீரை மண்ணே குடித்துவிட்டது. இன்று மண்ணைக் காண்பதே அரிது. நகர் நடுவிலோ அச்செங்கற் குழாய்களே பெரிதும் உழைத்து வருகின்றன.

ஓர் ஆறு இறந்த வரலாறு

இனிக் கூறப்போவது வருந்தத் தக்க செய்தி. வித்யாதரி ஒரு வேலியேற்ற ஆறு. கடல் பெருகும்போது வண்டலொடு நீர் உள்ளே வரும். கடல் வடியும்போது அந்நீர் விசையொடு திரும்பி வண்டலை அரித்துச் செல்லும். அவ்விசைக்குக் காரணம் இருபுறமும் பரந்திருந்த சதுப்பு நிலங்கள். அங்கே தேங்கிய நீரே திரும்பும்போது ஆற்றைத் தூர்வாரிற்று. சதுப்பு நிலங்களை அணையிட்டு அடைத்ததாலும், ஆற்றின் குறுக்கும் நெடுக்கும் கால்வாய்கள் வெட்டியதாலும் திரும்பும் நீரின் விசை குன்றிற்று. வண்டல் தங்கிற்று. நகரின் கழிவும் சேர்ந்தது. 1928-இல் வித்யாதரி இறந்த ஆறு என்று அறிவிக்கப்பட்டது.

நகரின் ஒரே வடிமுகம் அடைபட்டுவிட்டது. மாநகராட்சிப் பொறியாளர் டாக்டர் பி. என். டே என்பார் மாற்று வழி கண்டார். கிழக்கே சுமார் 28 கிலோமீட்டர் தொலைவிலுள்ள குல்டி ஆறு வரை இரு கால்வாய்கள் வெட்டப்பட்டன. ஒன்று அன்றாடக் கழிவுநீருக்கு, மற்றொன்று மழைநீருக்கு. உலகப் போரும் பஞ்சமும் வங்கத்தை வாட்டிய 1943-ஆம் ஆண்டில் அவை இயங்கத் தொடங்கின. இன்றும் கல்கத்தாவின் மழைநீர் பெரும்பாலும் அவ்வழியே செல்கிறது.

ஒரு நூற்றாண்டுக்குள் ஓர் ஆற்றை இழந்து வேறோர் ஆற்றைத் தேடிச் சென்றது இந்நகர். வித்யாதரியைக் காப்பதற்கு ஆண்டுதோறும் செலவிட்டிருக்கக் கூடிய தொகை எவர் கணக்கிலும் எழுதப்படவில்லை. புதிதாக வெட்டும் செலவு மட்டும் எழுதப்பட்டது.

படகு போன பின்

நாம் ரயில்வே ஊழியர் என்ற முறையில் ஒன்று கூறுதல் தகும். 1862-இல் சியால்டாவிலிருந்து கீழ்வங்கத்துக்கு ரயில் ஓடத் தொடங்கியது. நாளடைவில் சரக்கு ரயிலேறிற்று. பின்னர் லாரி வந்தது. 1947-இல் நாடு பிரிந்ததும் கீழ்வங்கத்துப் படகு வாணிகம் அறவே சுருங்கிற்று. படகு போயிற்று, படகோடு சுங்கமும் போயிற்று. சுங்கம் போனதும் கால்வாய்க்குத் தாய் தந்தையர் இல்லாமற் போயினர்.

அதுவரை பொருள் ஈட்டிய கால்வாய் அதன்பின் செலவு மட்டுமே வைக்கும் கால்வாய் ஆயிற்று. எவ்வருவாயும் தராத ஒன்றுக்கு எந்த அலுவலகம் விரும்பிப் பொருள் ஒதுக்கும்? டாலி நாலாவில் படகு மிதந்த இடத்தில் ஆகாயத் தாமரை மிதந்தது. கரைகளில் வீடற்றோர் குடிசையிட்டனர். 2009-இல் டாலிகஞ்சிலிருந்து தெற்கே மெட்ரோ ரயில் நீட்டிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 300 தூண்கள் அக்கால்வாயினுள்ளேயே நாட்டப்பட்டன. கால்வாயைக் காக்க வேண்டும் என்று நகர மக்கள் சிலர் நெடுநாள் வாதாடியும் பயன் விளையவில்லை. பொருள் தராத நிலம் என்று ஆனபின் அதனை எவரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்னும் நிலை வந்துவிட்டது.

கூலி பெறாத ஊழியர்

இவ்விடத்தில் கிழக்குச் சதுப்பு நிலத்து மீனவரை நன்றியோடு நினைத்தல் வேண்டும். நகரின் கழிவுநீர் அங்குள்ள ‘பேரி’ என்னும் மீன் ஏரிகளில் தேங்கி, வெயிலாலும் பாசியாலும் தூய்மையுற்று மீனுக்கு உணவாகிறது. மழைக்காலத்தில் அந்நிலமே நகருக்கு வெள்ளத் தாங்கியாகவும் உதவுகிறது. உப்பேரிகளின் வடபகுதி 1962 முதல் ஹூக்ளி மணலால் மேடாக்கப்பட்டுச் சால்ட் லேக் நகராயிற்று. எஞ்சிய பகுதியைக் காக்க 1992-இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் ஆணை பிறப்பித்தது. 2002-இல் 12,500 ஹெக்டேர் நிலம் ராம்சர் உடன்படிக்கையின் கீழ் உலகச் சிறப்புடைய சதுப்பு நிலமாக ஏற்கப்பட்டது. இதன் பெருமையை உலகறியச் செய்தவர் துருவஜோதி கோஷ் என்னும் பொறியாளர். 2018-இல் மறைந்த அவர், இம்மீனவரின் அறிவைக் கற்றறிந்தோர் அறிவினும் குறைந்ததாக எண்ணியதில்லை. நகருக்குப் பெருந்தொகை மிச்சப்படுத்தித் தரும் இவர்கள் மாநகராட்சிச் சம்பளப் பட்டியலில் இல்லை.

நம் காலத்துக் கடன்கள்

1978 செப்டம்பர் இறுதியில் ஒரே நாளில் சுமார் 370 மில்லிமீட்டர் மழை பெய்து நகரை ஆழ்த்திற்று. அதன்பின் எந்திர நிலையங்கள் பெருகின. 2000-ஆம் ஆண்டில் ஆசிய வளர்ச்சி வங்கி 25 கோடி டாலர் கடன் தர இசைந்தது. 2013-இல் மேலும் 40 கோடி டாலர் வரை கடன் வழங்க உடன்பட்டது. பேஹாலா முதலிய விளிம்புப் பகுதிகளில் கால்வாய்கள் திருத்தப்பட்டன, குழாய்கள் இடப்பட்டன. நகர் நடுவில் கிளார்க் காலத்துச் செங்கற் குழாய்கள் பல தூர்வாரப்பட்டு உட்பூச்சுப் பெற்றன. இவற்றால் விளைந்த நன்மை உண்மையானது. முன்னர் இரண்டு நாள் நின்ற நீர் பல தெருக்களில் சில மணி நேரத்தில் வடிவதை நாம் கண்டிருக்கின்றோம். பதினைந்தாவது நிதிக்குழுவும் நகர வெள்ளத் தடுப்புக்கென 2,500 கோடி ரூபாய் ஏழு பெருநகரங்களுக்கு ஒதுக்கிற்று. அதில் கல்கத்தா, மும்பை, நமது சென்னை ஆகிய மூன்றுக்கும் தலைக்கு 500 கோடி.

ஆயினும் 2025 செப்டம்பர் 23-ஆம் நாள் நிகழ்ந்ததை நாம் அனைவரும் அறிவோம். துர்க்கா பூஜைக்குச் சில நாட்களே இருந்தன. ஓரிரவில் பெய்த பெருமழையால் 24 மணி நேரத்தில் 251 மில்லிமீட்டர் பதிவாயிற்று. கிளார்க்கின் அளவுப்படி கணக்கிட்டால் அம்மழையை வடிக்க அவருடைய குழாய்களுக்கு ஏறத்தாழ 40 மணி நேரம் வேண்டும். அதுவும் குழாயில் ஒரு கூடை மண்ணும் இல்லாதிருந்தால்தான். தெருவில் நின்ற நீரில் மின்சாரம் பாய்ந்து மாண்டவர் பலர். பிழைப்புக்காக வீட்டைவிட்டு இறங்கியவர்கள் அவருள் இருந்தனர். வடிகால் என்பது செருப்பு நனையும் செய்தியன்று, உயிர் போகும் செய்தி என்பதை அவ்விடியல் நமக்கு உணர்த்திற்று.

கணக்கு எழுதுவோன் கூறும் முடிவு

மேற்கூறிய வரலாற்றைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். மக்கள் நன்கொடை, சுங்கம், குலுக்குச் சீட்டு, வரி, அயல்நாட்டுக் கடன் என ஐவகையாலும் இந்நகர் வெட்டுவதற்குப் பணம் தேடிக்கொண்டது. வெட்டியதைக் காப்பதற்கு நிலையான பணத்தை, படகுச் சுங்கம் இருந்த காலம் நீங்கலாக, ஒருபோதும் தேடவில்லை. புதுவேலைக்கு அடிக்கல் உண்டு, திறப்பு விழா உண்டு, பெயர்ப் பலகை உண்டு. தூர்வாரிய கால்வாய்க்கு யார் மாலையிடுவர்? அடுத்த ஆண்டு மீண்டும் தூர்வார வேண்டுமே!

ரயில்வேயில் 1924-இல் நிதி பிரிக்கப்பட்டபோதே தேய்மான நிதி என ஒன்றை ஏற்படுத்தினர். தண்டவாளம் இட்ட அன்றே அது ஒருநாள் தேயும் என்று கணக்கெழுதிப் பணம் ஒதுக்கும் முறை அது. ஒதுக்கும் தொகை போதாது என்று தணிக்கையாளர் பன்முறை எழுதியுள்ளனர். எனினும் அந்நிதி இருப்பதனாலேயே, போதாது என்றேனும் ஒருவர் எழுத முடிகிறது. கால்வாய்க்கோ அத்தகைய தலைப்பே கணக்கில் இல்லையாயின், குறையை எங்கே எழுதுவது?

நம் முன்னோர் இதனை நன்கறிந்திருந்தனர். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு, ஆண்டுதோறும் குடவோலையால் தேர்ந்தெடுக்கப்படும் ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகிறது. ஏரியைக் காப்பது அவ்வாண்டு வாரியப் பெருமக்களின் கடமை. கணக்குக் காட்டாதவர் மீண்டும் வாரியத்துக்கு வர இயலாது. வெட்டியவன் மன்னனாயினும், காப்பவர் ஊரார் என்பதே அம்முறையின் உயிர்நிலை.

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. கால்வாய்க்கென வாங்கும் ஒவ்வொரு கடனிலும், அது தூர்வாரப்படுவதற்குரிய ஆண்டுத் தொகை முதலிலேயே வரையறுக்கப்பட வேண்டும். எந்தக் கால்வாயில் எத்துணை மண் எடுக்கப்பட்டது, எங்கே கொட்டப்பட்டது என்னும் கணக்கு மழைக்கு முன் வார்டுதோறும் ஒட்டப்பட வேண்டும். கரையில் வாழும் ஏழையரை வெளியேற்றியே தீர வேண்டுமாயின், அவருக்கு வேறு வீடு தரும் செலவும் கால்வாய்ச் செலவிலேயே சேர வேண்டும். 2001-இல் டாலி நாலாக் கரைக் குடிசைகள் அகற்றப்பட்டபோது அடுத்த தெருவில் கூரையின்றி நின்றோரை நம்மிற் பலர் கண்டிருப்போம். கால்வாயைத் தூர்த்தவர் அவர் மட்டுமல்லர். மாடியிலிருந்து பிளாஸ்டிக் பையை எறிந்த கையும் அதில் சேரும்.

இஃது அயலார் நகர் அன்று. நம் பிள்ளைகள் பிறந்த நகர், நம் முதியோர் நீறான நகர். இங்கு வீட்டு வரி செலுத்தும் நாம், அவ்வரியில் ஒரு பங்கு எக்கால்வாய்க்குச் செல்கிறது என்று வினவும் உரிமை உடையோம். அவ்வினாவை ஆடி மாத வெள்ளத்தில் நின்றுகொண்டு எழுப்புவதில் பயனில்லை. அப்போது வேலை செய்யவும் இயலாது. மாசித் திங்களில், கால்வாய் வறண்டு கிடக்கும்போது, நம் சங்கத்தார் நால்வர் வார்டு உறுப்பினரை நேரிற் கண்டு, “இவ்வாண்டு தூர்வார எத்துணை ஒதுக்கினீர்?” என்று வினவுவாராயின், அதுவே இம்மலரில் நாம் எழுதிய இக்கட்டுரையினும் பன்மடங்கு பயன் தருவதாகும்.